விரலில் 98, நெற்றியில் 52: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி:

டாக்டர், நாங்கள் கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் விடிகாலையில் நெஞ்சுவலி வந்தது. கோத்தகிரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, 108-இல் கோவைக்கு அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்தும் பிரஷர் ஏறவில்லை. வென்டிலேட்டர், தொடை வழியாக பலூன் பம்ப் என்று பல நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். நெற்றியில் இரண்டு பக்கமும், இரண்டு கெண்டைக்காலிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். விரலில் 98 காட்டும்போது நெற்றியில் 52, 54 என்றுதான் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான். வென்டிலேட்டரில் ஏதோ மாற்றினார்கள், ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், மறுநாள் 61 ஆனது. அப்புறம் ஒருநாள் வலது காலில் மட்டும் 60-இல் இருந்த எண் 40-க்கு இறங்கியது. உடனே பலூன் பம்பை எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "ஆக்சிஜன் பார்க்கிற மெஷின்" என்றதோடு சரி.

இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். எல்லோரையும் அடையாளம் தெரிகிறது, பேசுகிறார். ஆனால் ஐ.சி.யூ. நாட்கள் எதுவும் ஞாபகம் இல்லை, எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறார். அந்த ராத்திரி மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருந்துவிட்டதா? வீட்டு ஆக்சிமீட்டரில் 94, 95தான் வருகிறது. நெற்றியில் ஒட்டும் மெஷினை நாமே வாங்கிவிடலாமா? ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைப்போம், இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் வீடு பார்த்து அப்பாவை அங்கே வைப்போம் என்கிறார் அண்ணன். பில்லில் அந்த ஸ்டிக்கர்களுக்கே பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். அது தேவைதானா?

— ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அதிகம் உறுத்துகிற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நெற்றியில் 52 என்றால் மூளைக்குப் பாதி ஆக்சிஜன்தான் போனது என்று அர்த்தம் இல்லை. விரலில் பார்த்த 98-ம் சரிதான், நெற்றியில் பார்த்த 52-ம் சரிதான். இரண்டு கருவிகளும் இரண்டு வேறு விஷயங்களை அளக்கின்றன. அப்பாவின் கேஸ் ஷீட் என் கையில் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்து, இதய ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் மயக்க மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவரைப் பார்த்த டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது இதையெல்லாம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விரலில் மாட்டுகிற கருவி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொரோனா காலத்துக்குப் பிறகு மலையில்கூட அது இல்லாத வீடு குறைவு. ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1974-இல் வெளியிட்ட யோசனை அதற்கு அடிப்படை. சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று, இரண்டையும் விரல் வழியாக விடுவார்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் விழுங்கும். அவோயாகியின் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், நாடித் துடிப்போடு சேர்ந்து கூடிக்குறைகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதுதான் தமனி ரத்தம் என்று கணக்குப் போட்டதில். ஆக, விரல் கருவி காட்டுவது நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்பிய ரத்தத்தை. அது ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் அது போதுமானதா என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. துடிப்பு பலவீனமாகிவிட்டால் எண்ணே வராது.

நெற்றி ஸ்டிக்கரும் ஒளியை வைத்துத்தான் வேலை செய்கிறது. இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் மறுபக்கம் சிவப்பாகத் தெரியுமே, அந்தச் சிவப்புக்குச் சற்று அப்பால், சுமார் 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிற ஒளி இன்னும் ஆழமாகப் போகும். தோல், எலும்பைத் தாண்டி மூளையின் மேற்பரப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977-இல் இதை எழுதியபோதுதான், மண்டையைத் திறக்காமலேயே உள்ளே இருக்கிற ஆக்சிஜனைப் பார்க்க முடியும் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கு வந்தது. ஐ.சி.யூ.வில் நாங்கள் இதைச் சுருக்கமாக 'நிர்ஸ்' என்போம். ஸ்டிக்கரில் ஒரு ஓரத்தில் விளக்கு இருக்கும். அதிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு ஒளி உணரிகள். கிட்டே இருக்கிற உணரிக்கு வருவது பெரும்பாலும் தோலும் எலும்பும் கடந்த ஒளி. தள்ளி இருப்பதற்கு வருவது இன்னும் ஆழமாகப் போய்வந்தது. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் மூளைப்பகுதியின் கணக்கு ஓரளவுக்குக் கிடைக்கும். ஊசி இல்லை, ரத்தம் எடுக்கிற வேலை இல்லை, நோயாளிக்கு வலியும் இல்லை.

இந்தக் கருவி தமனியை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை. தன் ஒளிக்குள் வருகிற எல்லா ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. திசுவுக்குள் இருக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிற சிரை ரத்தம். அதனால் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே நெற்றியில் 60 முதல் 75 வரைதான் வரும். 98 வரவே வராது. அப்பாவுக்கு இருக்க வேண்டியது 98, இருந்தது 52 என்று நீங்கள் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டு அழுதிருப்பீர்கள். ஒப்பிட வேண்டியது 65-ஐயோ 60-ஐயோதான். ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்களுக்கும் ரத்தம் குறைவாக இருப்பவர்களுக்கும் 50-களின் நடுவில் இருப்பது நாங்கள் அடிக்கடி பார்க்கிறதுதான்.

மலைக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றிவரும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும்போது எத்தனை நிறைந்த சிலிண்டர் என்று பார்ப்பது விரல் கருவி. ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கீழே இறங்கும்போது இன்னும் எத்தனை நிறைந்தவை மிச்சம் இருக்கின்றன என்று பார்ப்பது நெற்றிக் கருவி. வழக்கமாகப் பத்தில் இரண்டு மூன்று இறக்குவார்கள், மிச்சம் திரும்பும். நாளுக்கு நாலு நடை வந்த வண்டி ஒரு நடைதான் வருகிறது என்றால், வீடுகளின் தேவை குறையாது. அந்த ஒரு நடையிலேயே பாதிக்கு மேல் இறக்கிக்கொள்வார்கள். கிளம்பிய இடத்தில் கணக்கு அப்படியே முழுசாக இருக்கும். குறைச்சல் தெரிவது திரும்பும் வண்டியில்தான்.

இதயம் தளர்ந்த நோயாளிக்கு நடப்பது இதுதான். கொஞ்சம் கணக்கும் போடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 (அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 கிராம்) இருந்து, இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளினால், உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 920 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போகிறது. ஓய்வில் உடம்புக்கு வேண்டியது 250 அளவுக்குத்தான். ஹீமோகுளோபின் 9 ஆகி, இதயமும் 3 லிட்டர்தான் தள்ள முடிகிறது என்றால் போவது 350 மட்டும். இரண்டு நேரத்திலும் விரலில் 98 தான் காட்டும்! வண்டி ஏறும்போது 98 சதவீதம் நிறைந்திருக்கிறது, அது பொய்யில்லை. போய்ச் சேர்கிற அளவுதான் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் மொத்த ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். வரத்து குறைந்தால் முதலில் அது செய்வது, வருகிற ரத்தத்திலிருந்து கூடுதலாக உறிஞ்சிக்கொள்வது. நெற்றி எண் இறங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம். 52 என்பதில் மூளை சமாளித்துக்கொண்டிருக்கிற செய்தியும் இருக்கிறது, கையிருப்பு குறைகிறது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

அந்த ராத்திரி டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், எனக்கு அவர்கள் போன வழி தெரிகிறது. நெற்றி எண் இறங்கினால் நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தலை ஒரு பக்கமாகத் திரும்பி கழுத்து ரத்தக்குழாய் அழுந்தியிருக்கிறதா, பிரஷர் போதுமா, காய்ச்சல் இருக்கிறதா, வலிப்பு ஏதாவது வருகிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று. கடைசியாகச் சொன்னதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. வென்டிலேட்டர் கொஞ்சம் வேகமாக மூச்சு கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், நெற்றி எண் இறங்கும். மூச்சின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தாலே ஏறிவிடுகிற சந்தர்ப்பம் உண்டு. 'வென்டிலேட்டரில் ஏதோ மாற்றினார்கள்' என்றது அனேகமாக இதுவாக இருக்கலாம். அடுத்து ரத்தம் ஏற்றியதற்கும் காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. இரண்டும் செய்த பிறகு 61 ஆனது என்றால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார்கள். இதை அவர்கள் உங்களுக்கு இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தொழிலில் இருக்கிற வியாதி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணாடி வழியாக எண் தெரியும், அதன் அர்த்தம் தெரியாது. அதைவிடக் கொடுமை வேறில்லை.

சரி, மூளைக்குச் சேதம் ஆகிவிட்டதா? எண்ணைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மயக்க மருந்து நிறுத்தியதும் கண் திறந்தாரா, சொன்னபடி கை கால் அசைத்தாரா, பேச்சு குழறுகிறதா, உங்கள் பெயர் சொல்கிறாரா என்பவைதான் உண்மையான சோதனை. அப்பா எல்லோரையும் அடையாளம் கண்டு பேசுகிறார் என்பது பெரிய ஆறுதலான செய்தி. ஐ.சி.யூ. நாட்கள் ஞாபகம் இல்லாததற்கு, வென்டிலேட்டரில் இருக்கும்போது கொடுக்கிற தூக்க மருந்துகளே போதும். சிடுசிடுப்பு, தூக்கம் கெடுவது, கவனம் நிற்காமல் போவது எல்லாம் கடுமையாக நோயுற்று மீண்டவர்களிடம் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூட இருக்கும். நெற்றி எண் ஒரு தடவையும் குறையாதவர்களுக்கும் இது வருகிறது. ஆனால் வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை பலமிழப்பது, திடீரென்று பேச்சு வராமல் போவது என்று புதிதாக எது வந்தாலும் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஞாபக மறதி கூடிக்கொண்டே போகிறது என்று பட்டாலும் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கால் ஸ்டிக்கர் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட முக்கியமானது. தளர்ந்த இதயத்துக்குத் துணையாக வைக்கிற பலூன் பம்ப் தொடைத் தமனி வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தக் குழாய் தமனிக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். கொழுப்பு படிந்து ஏற்கெனவே குறுகியிருக்கிற தமனி என்றால், கீழே காலுக்கு ரத்தம் போவது குறைந்துவிடலாம். எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) போடும்போது குழாய் இன்னும் தடிமன், அதனால் அங்கே இந்தப் பயம் இன்னும் அதிகம். விழித்திருக்கிற நோயாளி 'கால் மரத்துப் போகிறது, வலிக்கிறது' என்று சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார். ஷாக்கில், அதாவது பிரஷர் விழுந்து ரத்த ஓட்டம் குறைந்த நிலையில், இருப்பவரின் பாதத்தில் நாடி பார்த்தாலும் தெரியாது, கால் இரண்டுமே ஜில்லென்றுதான் இருக்கும். அந்த இடத்தில்தான் ஸ்டிக்கர் உதவுகிறது, ஏனென்றால் இதற்கு நாடித் துடிப்பே தேவையில்லை. இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் பொதுவான ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். குழாய் போட்ட கால் மட்டும் இறங்கி மற்றது அப்படியே இருந்தால், பிரச்சினை அந்தக் காலில். வலதில் 60 இருந்தது 40 ஆனதும் பம்பை எடுத்தார்கள் என்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் பில்லில் இருந்த அந்தப் பெரிய தொகைக்கு அந்த ஒரு நிமிடமே பதில் சொல்லிவிட்டது. தாமதித்திருந்தால் காலுக்கு ஆபத்து வந்திருக்கலாம். இப்போது அந்தக் காலில் நடக்கும்போது கெண்டைச் சதை பிடித்து இழுப்பது, பாதம் மட்டும் வெளிறுவது, ஆறாத புண் என்று எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படும்.

அதற்காக இந்த ஸ்டிக்கர் இல்லாத ஐ.சி.யூ. மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். அது பார்ப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற கொஞ்சம் இடத்தை மட்டும். தலையின் பின்பக்கம் பக்கவாதம் வந்தாலும் அதற்குத் தெரியாது. தோலில் ஓடுகிற ரத்தம் கணக்கில் கலந்துவிடும், அதுவும் பிரஷரை ஏற்றும் மருந்துகள் ஓடும்போது தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி எண்ணைக் குழப்பும். மஞ்சள் காமாலை இருந்தாலும், கறுத்த தோல் என்றாலும் எண் மாறலாம். ஒரு கம்பெனியின் கருவியில் 52 என்பது இன்னொன்றில் 58 ஆக இருக்கும். அதனால்தான் தனி எண்ணை விட, ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது, அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பார்க்கிறோம். ஆரம்ப அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, 50-க்குக் கீழே போனாலோ காரணம் தேடுவது பரவலான வழக்கம்.

இந்த எண்ணைத் துரத்திச் சிகிச்சை செய்தால் ஆட்கள் அதிகம் பிழைக்கிறார்களா என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. பெரிய ஆய்வு ஒன்று குறைமாதக் குழந்தைகளிடம் நடந்தது. 2023-இல் வெளியான அந்த ஆய்வில் 1,601 குழந்தைகள். பாதிப் பேருக்குத் தலையில் இந்த ஸ்டிக்கரை ஒட்டி அதன்படி சிகிச்சை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. இறப்பிலோ கடுமையான மூளைப் பாதிப்பிலோ வித்தியாசம் வரவில்லை. இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் செய்த சிறிய ஆய்வுகள் சில நல்ல மாதிரியும் சில ஒன்றும் இல்லை என்றும் சொல்கின்றன. எக்மோ, பலூன் பம்ப், திறந்த இதய அறுவை சிகிச்சை போன்ற இடங்களில் நான் இதை விரும்பி ஒட்டுவேன். சாதாரண மாரடைப்பில் சுயமாக மூச்சு விட்டுக்கொண்டு பேசுகிறவருக்கு ஒட்டினால், பில் ஏறுவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை. ஸ்டிக்கர் ஒருமுறை ஒட்டித் தூக்கிப்போடுகிறது, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில்.

கருவி இல்லாத இடத்தில் பழைய வழிகள் இருக்கின்றன, அவை மோசமும் இல்லை. மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது, முழங்கால் தோலில் ஊதா நிறத்தில் வலைப்பின்னல் படர்கிறதா, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடுகிற பொருள்) 2-க்கு மேல் ஏறுகிறதா. அப்புறம், விரல் நுனியை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் எத்தனை விநாடியில் மறுபடி சிவக்கிறது என்று பார்ப்பது. மூன்று விநாடிக்கு மேல் ஆனால் ஓட்டம் குறைவு. நோய்த்தொற்றால் ஷாக்கில் போனவர்களிடம் 2019-இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்த விரல் அழுத்தும் சோதனையை வைத்துச் சிகிச்சை நடத்தியது, லாக்டேட்டைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து நடத்தியதற்கு எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. ஆனால் குளிரில் விறைத்த கையில் அதைச் செய்து பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஜனவரி காலையில் நம் ஊரில் எல்லோருக்குமே மூன்று விநாடிக்கு மேல்தான் ஆகும்.

இனி வீட்டு விஷயம். நெற்றி மெஷினை வாங்க வேண்டாம். அது ஐ.சி.யூ.வில், பக்கத்தில் மருந்தையும் வென்டிலேட்டரையும் உடனே மாற்றக்கூடிய ஆள் இருக்கும்போது மட்டும் பயன்படுகிற சாமான். வீட்டில் அது தூக்கத்தைக் கெடுக்கும், வேறொன்றும் செய்யாது.

94, 95 என்பதைக் கோவையில் பார்த்த 98-ஓடு ஒப்பிடாதீர்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். கோத்தகிரி 1,800 மீட்டருக்கு அக்கம்பக்கம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் இரண்டு இடத்திலும் அதே 21 சதவீதம்தான். ஆனால் இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குத்தான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் குறைவு. கோத்தகிரியில் நல்ல உடம்போடு இருப்பவருக்கே 94 முதல் 97 வரை வருவது சகஜம். உங்கள் விரலிலும் அண்ணன் விரலிலும் மாட்டிப் பாருங்கள், இன்றைக்கே தெரிந்துவிடும். அதோடு, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் வழியாகக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்த 98 அது. 94-க்கும் 98-க்கும் ரத்தம் சுமக்கிற ஆக்சிஜனில் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு நாலுதான். ஹீமோகுளோபின் 14-லிருந்து 9-க்குப் போனால் நூற்றுக்கு முப்பத்தைந்து போய்விடும். எனவே ஆக்சிமீட்டரைவிட அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது. ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்பதால் மலம் கறுப்பாகப் போகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்சிமீட்டர் பார்ப்பதென்றால் கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எண் நிலையாக நின்ற பிறகு பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். அவருடைய வழக்கமான அளவு என்ன என்று ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அதிலிருந்து மூன்று நாலு குறைந்து அதோடு மூச்சும் வாங்கினால் டாக்டருக்குப் போன் போடுங்கள். சூடான கையில், ஓய்வில், 90-க்குக் கீழேயே நின்றால் ஆஸ்பத்திரி.

சிலிண்டர் வேண்டாம் என்பதை அண்ணனிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த, ஆக்சிஜன் அளவு 90-க்குக் குறையாத 6,629 பேரிடம் சுவீடனில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஆக்சிஜன் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் ஒரு வருடத்து இறப்பில் வித்தியாசமே இல்லை. தேவைக்கு மேல் ஆக்சிஜன் போனால் இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கும் என்பதும் தெரிந்த விஷயம். விறகடுப்போ பீடியோ இருக்கிற வீட்டில் சிலிண்டர் வைப்பது தீ ஆபத்து வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜன்னலை மூடி கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் மோசம் என்னவென்றால், விரல் ஆக்சிமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே நினைத்துக்கொண்டு 97, 98 என்று காட்டும். இதயம் தளர்ந்தவருக்கு அந்தப் புகை கொஞ்சம் போதும். கம்பளி, குல்லாய், சுடுதண்ணீர்ப் பை, இவை போதாதென்றால் கரண்ட் ஹீட்டர்.

மேட்டுப்பாளையத்துக்கு வீடு மாற்ற வேண்டுமா என்றால், ஆக்சிஜனுக்காக வேண்டாம். மலைக்குப் பழகிய உடம்பு அது, டாக்டரும் வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பியிருக்கிறார். வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர எத்தனை படி, எவ்வளவு ஏற்றம் என்பதுதான் என் கவலை. முதல் சில வாரம் ஏற்றம் ஏறாமல், சமதளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, இவை ஆக்சிமீட்டரில் எண் குறைவதற்கு முன்பே வரும். டைகாக்ரிலார் என்ற மாத்திரை அவர் சீட்டில் இருந்தால், அது சிலருக்கு மூச்சு போதாதது போன்ற உணர்வைக் கொடுக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

மறுபடி நெஞ்சுவலி வந்தால், 'பெரிய ஆஸ்பத்திரி கோவையில்தானே இருக்கிறது' என்று நினைத்து ராத்திரியில் வீட்டுக் காரில் குஞ்சப்பணை மலைப்பாதை வழியாக இறக்கிவிடாதீர்கள். நடுவழியில், மூடுபனியில், கொண்டைஊசி வளைவில் இதயம் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. 108-ஐக் கூப்பிடுங்கள். கோத்தகிரியில் இ.சி.ஜி. எடுத்து, தேவையான ஊசி மருந்து போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் போகட்டும். போன தடவை நீங்கள் செய்தது அதுதான், அதுதான் சரி. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இ.சி.ஜி., மாத்திரைச் சீட்டு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.